வெள்ளிக்கிழமைக்கு ஒரு ரவுட்டர்

பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நான் கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த காலத்தில், என் மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். கடையில் நான்கு கம்ப்யூட்டர், ஒரு போட்டோ கொப்பி மெஷின். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலிருந்து தாய்மார் இறங்கி வந்து, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு இன்டர்நெட்டில் பேசிவிட்டுப் போவார்கள். ஊருக்கெல்லாம் லைன் எடுத்துக் கொடுத்துவிட்டு, என் முறைக்கு நான் வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன். அவள் வேலை செய்த வீட்டில் போனைத் தொட விடமாட்டார்கள். வெள்ளி பின்னேரம் வீட்டார் வெளியே போனதும், மேடத்தின் மூத்த மகள் தன் கம்ப்யூட்டரில் இவளை ஒரு மணி நேரம் உட்கார விடும். படம் வராது, குரல் மட்டும்தான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் கடையே நடத்தினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அவளுடைய ஒப்பந்தம் இரண்டு வருடம். அது முடிவதற்குக் கொஞ்ச காலமே இருந்தது, முடிந்ததும் வந்துவிடுவதாகப் பேச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் கடைக்குள் வைரஸ் புகுந்தது. எவனோ ஒரு புண்ணியவான் பாட்டு நிறைந்த பென் டிரைவைக் கொண்டுவந்து குத்தினான், நான்கு மெஷினும் படுத்துவிட்டன. போதாக்குறைக்கு என் பழைய ரவுட்டருக்குப் பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது. வெளியிலிருந்து யாரோ உள்ளே நுழைந்து என் லைனில் குப்பை மெயிலாக அனுப்பித் தள்ள, லைனையே வெட்டிவிட்டார்கள். மெஷின்களைத் துடைத்து, கெஞ்சிக் கூத்தாடி லைனைத் திரும்ப வாங்குவதற்குள் இரண்டு வெள்ளிக்கிழமைகள் போய்விட்டன. அந்த நாட்களில் கடைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். போட்டோ கொப்பி எடுக்க வந்த ஒரு டீச்சர் அதற்குப் பிறகு கடைப் பக்கமே வரவில்லை.

இனி இப்படி நடக்க விடக்கூடாது என்று இரத்தினபுரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைக்காரர் சிங்களவர், நாங்கள் பேசியதும் சிங்களத்தில்தான். மூன்று பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"இடிக்குத் தாங்குமா?" என்று முதலில் கேட்டேன். எங்கள் பக்கம் பின்னேர இடிக்குப் போகாத ரவுட்டர் கிடையாது. வானம் கறுத்தால் கொடியில் காயும் துணியை எடுக்கிறோமோ இல்லையோ, டெலிபோன் வயரைக் கழற்றிவிடுவோம்.

"இடிக்கு ஒண்ணுமே தாங்காது தம்பி. வயரத்தான் கழட்டணும்" என்று சிரித்தார். பிறகு நடுவில் இருந்த கறுப்புப் பெட்டியைத் தட்டிக் காட்டினார். "இதுல ஃபயர்வோல் இருக்கு. நீங்க உள்ள இருந்து கேக்குறதுதான் வரும். கேக்காத எதையும் வெளிய இருந்து உள்ள விடாது."

"வெள்ளிக்கிழமை விடாம நிக்குமா?"

"அது என்ன வெள்ளிக்கிழமை?"

சொன்னேன். அதோடு விளையாட்டுப் பேச்சை நிறுத்திவிட்டார். மலிவான இரண்டையும் அவரே எடுத்து உள்ளே வைத்தார்.

போர் முடிவதற்கு முந்திய வருடம் அது. வயரும் ஏரியலுமாக ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு தமிழன் பஸ்ஸில் வந்தால் சும்மா விடுவார்களா? சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். "மே மொகக்த?", இது என்ன என்று ஒரு ஆர்மிக்காரன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கம்ப்யூட்டருக்குள் கள்ளன் வராமல் காவல் காக்கிற சாமான் என்று எனக்குத் தெரிந்த நல்ல சிங்களத்தில் விளக்கினேன். தன்னைப் போல இன்னொரு காவல்காரன் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துவிட்டுப் போகச் சொன்னான்.

கடைக்கு வந்ததும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டித்தான் லைன் கொடுத்தேன். வெள்ளிக்கிழமை வந்தது. சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். சொன்ன நேரத்துக்கு அவள் அழைப்பு வந்தது. எடுத்தால் சத்தமே இல்லை. "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் வந்தது: கேக்குது. பேசுங்க.

என் குரல் அங்கே போனது, அவள் குரல் இங்கே வரவில்லை. கடைக்கு வந்த தாய்மாருக்கும் அதே கதி, என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள். இரத்தினபுரிக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். கொழும்பில் தெரிந்த ஆளிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார், அது இழுத்துக்கொண்டே போனது. அதுவரை வெள்ளிக்கு வெள்ளி நான் மட்டும் பேசினேன். அவள் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பதற்குள் நேரம் போய்விடும் என்று, நீ கேட்டுக்கொண்டிரு என்றேன். கடைக்குப் பின்னால் இருந்த அறைக்கு அவளுக்குப் பிடித்த இளநீலம் அடித்ததைச் சொன்னேன். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன் பேசி வைத்திருப்பதைச் சொன்னேன். நீ இல்லாமல் என்னால் முடியவில்லை என்றும் சொன்னேன். நேரில் இருந்திருந்தால் அந்த வார்த்தை என் வாயில் வந்திருக்காது. அதற்கு அவள் வெகுநேரம் ஒன்றும் அடிக்கவில்லை. பிறகு, பேசுங்க என்று மட்டும் வந்தது.

கடைசியில் கடைக்காரர் போன் போட்டார். பேச்சையும் அந்நியன் என்று நினைத்து அந்தப் பெட்டி வாசலிலேயே மறிக்கிறதாம். எங்கே போய் எதை மாற்ற வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார், மாற்றினேன்.

அடுத்த வெள்ளி, "என்னங்க" என்று அவள் குரல் கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"இப்ப கேக்குதா?" என்றாள்.

"நல்லா கேக்குது. பக்கத்துல நிக்கிற மாதிரி கேக்குது."

"இவ்வளவு நாளும் நா பேசுனது ஒண்ணும் கேக்கலதானே?"

"ஒரு சத்தமும் வரலயே. ஏன், நீ பேசுனியா?"

"ஒவ்வொரு வெள்ளியும் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கேத்தி வச்சிட்டு உக்காந்திருப்பீங்க, ஒங்க காதுல எப்படிப் போடுறதுன்னு தெரியல. கேக்காதப்பவே சொல்லிப் பாத்தேன்."

"என்னத்த?"

"அன்னைக்கு லைன் இல்லாமப் போச்சே, அந்த நேரந்தான் மேடம் கேட்டாங்க. இன்னும் ரெண்டு வருஷம் நிக்கிறியா, இல்ல வேற ஆள எடுக்கவான்னு. ஒங்ககிட்ட கேட்டுச் சொல்றேன்னேன். அடுத்த வெள்ளி வரைக்கும் பொறுத்தாங்க. அன்னைக்கும் நீங்க வரல. கடைய மூடிட்டாரு போல, இனி பொழப்புக்கு என்ன செய்யப் போறோம்னு பயந்துட்டேங்க. கையெழுத்து வச்சிட்டேன்."

அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "என்னங்க, லைன் போயிருச்சா?" என்றாள்.

"இல்ல" என்றேன். "லைன் நல்லா இருக்கு."