மருமகனின் குடும்பப் பெயரை நான் விசாரித்த கதை

இதில் நான் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. இந்தக் கதைக்கே காரணமான மருமகனின் குடும்பப் பெயரைக்கூட எழுத மாட்டேன். அவ்வளவு அரிதான பெயர் அது. எழுதினால் ஆளை நேரே போய்ப் பிடித்துவிடலாம். நாடு முழுக்கத் தேடினாலும் அந்தப் பெயர்க்காரர்களை ஒரு இரட்டைத்தட்டு பஸ்ஸில் ஏற்றிவிடலாம், மேல்தட்டு காலியாகத்தான் போகும். என் பெயரை எழுதாததற்குக் காரணம் வேறு.

மகள் அவனைப் பற்றி வீட்டில் சொன்ன மறுநாளே லண்டனின் தெற்கே ஸ்ட்ரெதமிலிருந்து மனைவியின் தமையன் போன் எடுத்தார்.

“பெடியன்ரை ஆக்கள் ஆர் எண்டு விசாரிச்சனீரோ?”

“வெள்ளைக்காரப் பெடியன், மச்சான். நான் ஆரிட்டைப் போய் விசாரிக்கிறது?”

“அதுக்காக விசாரிக்காமல் பிள்ளையைக் குடுக்கிறதே? பேர் இருக்குத்தானே. பேரைக் கொண்டு பாரும்.”

எங்கள் ஆட்களுக்கு விசாரிக்காமல் கல்யாணம் இல்லை. எந்த ஊர், யாருடைய பிள்ளை, தாய் வழியில் யார் என்று நாலு பக்கமும் கேட்டு முடித்த பிறகுதான் நாள் வைப்பார்கள். என்னையும் இந்த மச்சான்தான் விசாரித்தார். அவர் எதிலும் மூக்கை நுழைப்பவர், எனக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். ஆனாலும் சொன்னதைச் செய்தேன். உண்மையைச் சொன்னால், ஏதாவது ஒரு குறை அகப்படாதா என்ற ஆசை எனக்கும் இருந்தது.

குடும்பப் பெயர்களுக்கென்றே இணையத்தில் தளங்கள் இருக்கின்றன. கொல்லர், தையல்காரர், மாவு அரைப்பவர் என்று தொழிலால் வந்த பெயர்களைத் தட்டினால் வரைபடம் முழுவதும் சிவந்து போகிறது. இவனுடைய பெயருக்கு லண்டனில் ஒரு புள்ளி, கெண்ட் பக்கம் இரண்டு மூன்று. அர்த்தம் தேடினேன். வேலி ஓரத்தில் குடியிருந்தவன் என்றது ஒரு தளம். பிரான்சிலிருந்து வந்த பெயர் என்றது இன்னொன்று. இரண்டுக்கும் ஆதாரம் இல்லை. நான் விடவில்லை. ஷிப்ட் இல்லாத நாட்களில் நூலகத்துக்குப் போய், பழைய தேவாலயப் பதிவேடுகளின் படங்களைக் கணினியில் ஒவ்வொன்றாகப் புரட்டினேன்.

மூன்றாவது வாரம் அகப்பட்டது. அது ஆளின் பெயரே இல்லை. லண்டனில் முன்பு இருந்து, இப்போது இல்லாமல்போன ஒரு சந்தின் பெயர். அந்தச் சந்தின் வாயிலில் துணியில் சுற்றிக் கிடந்த ஆண் குழந்தையைத் தேவாலயக்காரர்கள் எடுத்து, ஞானஸ்நானம் கொடுத்து, சந்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் அந்தப் பெயரில் ஒரு மனிதரும் இல்லை. பிரதி எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். தாய் தகப்பன் தெரியாத பிள்ளையின் வழி. இது மச்சானின் காதில் விழுந்தால் குடும்பமே இரண்டாகும். 

ஆனால் வீட்டில் அதற்குள் வேறு சண்டை தொடங்கியிருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு யாருடைய பெயர் என்ற சண்டை. அவன் தகப்பனுக்கு ஒரே பிள்ளை. அந்தக் கிளையில் பெயரைக் கொண்டுபோக வேறு ஆள் இல்லை. பிள்ளைகளுக்காவது தன் பெயர் வேண்டும் என்று கேட்டான். மகள் ஒரேயடியாக மறுத்தாள். மூன்று மாதம் இழுபட்ட பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை நிச்சய மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டுக்கு வந்து தன் பழைய அறையில் படுத்துக்கொண்டாள்.

“அது அப்பப்பாவின்ரை பேர், அப்பா. அவரை நான் காணவே இல்லை. அவரிட்டை இருந்து எனக்குக் கிடைச்சது அது ஒண்டுதான். ஏன் விடோணும்?” என்றாள்.

 அது அவளுடைய அப்பப்பாவின், அதாவது என் அப்பாவின், பெயரே இல்லை.

எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பனின் பெயர்தான் பின்னால் வரும். இங்கே வந்தால் அது குடும்பப் பெயராக உறைந்துவிடும். நான் இருபத்திரண்டு வயதில் என் படம் ஒட்டிய வேறொருவனின் பாஸ்போர்ட்டில் வந்திறங்கினேன். “அதிலை இருக்கிற பேரையே சொல்லு. மாத்திச் சொன்னியெண்டால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்” என்று என்னை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். பயத்தில் அதையே சொன்னேன். அதிலேயே அகதி, அதிலேயே வேலை, அதிலேயே பிரஜை. மகளுடைய பெயருக்குப் பின்னால் இருப்பது யாரோ ஒருவனின் தகப்பன். எங்கள் பெரியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சாமி அலுமாரிக்குப் பக்கத்தில் மாட்டிய என் அப்பாவின் படத்தில் பெயர் எழுதாமல் விட்டதும் அதனால்தான்.

“இஞ்சேருங்கோ, ஒரு சொல்லு சொன்னால் முடியிற சண்டை. சொல்லுங்கோவன்” என்றாள் மனைவி.

“வாயை மூடு” என்றேன். முப்பது வருடத்தில் அவளிடம் அப்படிப் பேசியது குறைவு. மகளிடம் சொன்னால் அது வெளியே போகும், வெளியே போனால் அரசாங்கத்திடமிருந்து கடிதம் வரும், கடிதம் வந்தால் பாஸ்போர்ட் போகும். அப்படித்தான் என் புத்தி ஓடியது. தபால்காரர் கதவில் தட்டினாலே திரைச்சீலை இடுக்கால் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சமாதானம் பேச அவன் வந்தான். கூப்பிடாமலே மச்சானும் வந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். அவன் ஒரு பெரிய தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். இரண்டு குடும்பங்களின் வம்சாவளி, பெட்டி பெட்டியாக, அழகான எழுத்தில். அவன் குடும்பப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெறும் பெட்டி இருந்தது. அதைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு மேலே எங்களுக்கு யாரும் இல்லை. தெருவில் எடுத்த குழந்தை” என்று ஆங்கிலத்தில் வெகு சாதாரணமாகச் சொன்னான். மச்சான் என்னைப் பார்த்தார். நான் சட்டைப் பையில் காவிக்கொண்டு திரிந்த காகிதம் ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

பிறகு அவன் மகளிடம் சொன்னான்: “நான் யோசித்துவிட்டேன். என் பெயர் என்னோடு முடியட்டும். பிள்ளைகளுக்கு உன் தாத்தாவின் பெயரை வைப்போம்.” அவள் பக்கத்தின் உச்சிப் பெட்டியில் பாஸ்போர்ட்டோடு வந்த அந்த அந்நியனின் பெயரைக் கறுப்பு மையில் எழுதியே கொண்டுவந்திருந்தான்.

மகள் அழத் தொடங்கினாள். மச்சான் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறக்கப்போகிறார் என்று தெரிந்தது. என் பொய்யை இன்னொருவர் வாயால் அவள் கேட்கக்கூடாது என்று மட்டும் எனக்குத் தோன்றியது.

“அது என்ரை அப்பாவின்ரை பேர் இல்லை” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். மகள் தாளையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்ப இது ஆர்?”

“தெரியாது, பிள்ளை.”

“மூண்டு மாதம் இவனோடை சண்டை பிடிச்சனான். மோதிரத்தைக் கழட்டினனான். நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

 வெட்கத்தில் எனக்குக் காது இரண்டும் சுட்டது. மச்சான்கூடத் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பேனையை எடுத்து, “படத்திலை இருக்கிறவரின்ரை பேரைச் சொல்லுங்கோ” என்றாள். இந்த நாட்டில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் என் அப்பாவின் பெயரைச் சொன்னேன். ஒரு தடவை சொன்னது அவளுக்குப் பிடிபடவில்லை. மூன்று தடவை சொல்லவைத்தாள். பிறகு ஆறு வாரம் என்னோடு பேசவே இல்லை.

அந்த ஆறு வாரத்துக்குள் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். பெயர் மாற்றும் பத்திரம் எழுதி, தன் பெயருக்குப் பின்னால் இருந்த அந்நியனை எடுத்துவிட்டு, என் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தாள். இனி அதை விடமாட்டாள். பிள்ளைகளுக்கு அவனுடைய சந்தின் பெயர் என்று முடிவாயிற்று. வரைபடத்தில் இன்னும் இரண்டொரு புள்ளி கூடும். நான் மட்டும் மாற்றவில்லை. பயம் இன்னும் விடவில்லை.

பதிவுத் திருமணத்தன்று மகள் என்னையே சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அந்த ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் என்னோடு முதலில் பேசியது அன்றுதான். கவுன்சில் அலுவலகப் பெண் என் பெயரை வாசித்தாள், மகளின் பெயரை வாசித்தாள், இரண்டையும் இன்னொரு தடவை ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்: “நீங்கள் மணமகளுக்கு என்ன வேண்டும்?”