நடுச்சில்லின் சத்தம்

என் மனைவியின் அண்ணனும் நானும் ஒரே வயது, ஒரே தொழில். பெரியகல்லாற்றுப் பிரதான வீதியில் என் மோட்டார் சைக்கிள் கராஜுக்கும் அவனுடையதற்கும் இடையில் ஒரு பலசரக்குக் கடை மட்டும்தான். கைவேலையில் அவன் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை எழுதும்போதுகூட விரல் கூசுகிறது. எனக்கென்று இருந்தது காது ஒன்றுதான். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை ஓடுகிற எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டினால், உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று திறக்காமலே சொல்லிவிடுவேன். சந்தேகம் வந்தால் அவனும் என்னைத்தான் கூப்பிடுவான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் அவனுக்குப் பக்கத்தில் தலை நிமிர்ந்து நடந்தேன்.

நாட்டில் டொலர் இல்லாமல் உதிரிப்பாகங்கள் வராமல் நின்ற காலத்தில் டைமிங் செயினுக்குப் பெரும் பஞ்சம். எஞ்சினின் அடியில் சுழலும் தண்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் தண்டையும் இணைக்கிற சிறு சங்கிலி அது. தளர்ந்தால் தகரப்பேணிக்குள் கல் ஆடுவதுபோலச் சத்தம் போடும். வந்தவர்களிடமெல்லாம் நான் கையை விரித்தேன். மச்சான் விரிக்கவில்லை. தன் வண்டியின் செயினைக் கழற்றி எறிந்துவிட்டு, அது ஓடிய இடத்தில் மூன்று பல்லுச்சில்லுகளை, ஒன்றின் பல்லை மற்றது கவ்வும்படி கீழிருந்து மேலாகப் பொருத்தினான். எல்லாம் அவனே கடைந்து பல் வெட்டியவை. வண்டி முதல் உதையிலேயே பிடித்தது.

ஊரே அவன் வாசலில் நின்றது. நானும் போனேன். போகாவிட்டால் பொறாமை என்பார்களே.

"நல்லாரிக்கி மச்சான்" என்றேன்.

மத்தியானம் சோறு போடும்போது மனைவி, "அண்ணன்ட மூளை வெளிநாட்டில இரிக்க வேண்டிய மூளை, என்ன?" என்றாள்.

"அனுப்பிவிடு" என்றேன். அன்று மீன்குழம்பில் எனக்கு ஒரு ருசியும் தெரியவில்லை.

இரண்டு கிழமை கழித்து, பழுகாமத்திலிருந்து ஒரு வயல்காரர் பட்டிருப்புப் பாலம் தாண்டி என்னிடம் வந்தார். மச்சானிடம் சில்லுப் போட்டுக்கொண்டவர்.

"தம்பி, முந்தி செயின் கலகலத்திச்சி. இப்ப மெல்லிசா ஊளை மாதிரி ஒரு சத்தம். சரியா பிழையாண்டு நீதான் கேட்டுச் சொல்லணும்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். பல்லோடு பல் சரியாகப் பொருந்தி ஓடினால் எழுகிற சத்தம் அது. எள்ளளவும் பிழை இல்லை. இவ்வளவு சுத்தமான ஓட்டத்தை நான் புது வண்டியிலும் கேட்டதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நடுச்சில்லு கடிக்கிது அண்ணன். ஒருநாளைக்கு வயல்வட்டைக்குப் போற வழியில உடைஞ்சி, எஞ்சினையும் நாசமாக்கும்" என்றேன்.

அவர் நேரே மச்சானிடம் போய்ச் சில்லுகளைக் கழற்றச் சொல்லி, கலகலக்கிற பழைய செயினையே திரும்ப மாட்டிக்கொண்டார். கதை பாலத்துக்கு அந்தப் பக்கம், படுவான்கரை ஊர்கள் முழுக்கப் பரவியது. அடுத்த கிழமைக்குள் இன்னும் மூன்று பேர் அதையே செய்தார்கள்.

மச்சான் சண்டைக்கு வருவான் என்று பதில் தயாரித்து வைத்திருந்தேன். அவன் தன் வண்டியில் வந்து, எஞ்சினை நிறுத்தாமலே ஸ்குரூ டிரைவரை எடுத்து என் கையில் தந்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்குதில்ல மச்சான். நீ சொன்னா இரிக்கும். எந்த இடமெண்டு காட்டு, நான் திருத்துறன்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாசலில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். சொன்னால் என் காதின் பெயர் அங்கேயே போய்விடும். கண்ணை மூடிக் கேட்பதுபோல நின்று, "நடுச்சில்லுதான்" என்றேன்.

புதிதாக ஒரு நடுச்சில்லு வெட்டி மாட்டிக்கொண்டு வந்தான். "இன்னும் கொஞ்சம் இரிக்கி" என்றேன். மறுபடி வெட்டினான். அது முந்தியதைவிட அழகாக ஓடியது. அதனாலேயே இன்னும் அழுத்திச் சொன்னேன். அவன் ஸ்குரூ டிரைவரை வாங்கித் தன் காதில் வைத்து வெகுநேரம் கேட்டான். பிறகு எஞ்சினை நிறுத்தினான்.

"என்ட காது செத்துப்போச்சி போல மச்சான்" என்றான். அன்றே மூன்று சில்லுகளையும் கழற்றிவிட்டான்.

இப்போது செயின் தாராளமாகக் கிடைக்கிறது. சில்லுக் கதையை ஊர் மறந்துவிட்டது. ஆனால் மச்சான் நான் வந்து கேட்காமல் திருத்திய எந்த வண்டியையும் சொந்தக்காரரிடம் கொடுப்பதில்லை. பலசரக்குக் கடையைத் தாண்டி வந்து, ஆட்கள் முன்னாலேயே, "எனக்கு என்னில நம்பிக்கையில்ல, நீ ஒருக்காக் கேட்டுப் பாரு" என்கிறான். போய்க் கேட்கிறேன். ஒவ்வொரு தடவையும் எஞ்சின் சரியாகத்தான் இருக்கிறது. "சரி" என்று நான் சொன்னதும் அவன் முகம் தெளிகிறது. ஒரு மனிதனை இப்படி முழுசாக நம்ப எனக்கு இந்த வயது வரை முடிந்ததில்லை. அதிலும் அவன்தான் என்னை முந்திவிட்டான்.