மரையின் கழுத்துக் கோடு

எங்கள் வீட்டில் மனிதர்கள் மூன்று பேர், மிருகங்கள் ஒன்பது. ஒன்பதும் வாப்பா சேர்த்த படங்கள். ரேடியோவுக்கு மேலே யானை. சாப்பாட்டு மேசைப் பக்கம் எருமை. இரண்டு ஜன்னலுக்கும் நடுவில் மயில், அலுமாரிக்கு எதிரே சிறுத்தை. உடும்பும் மலைப்பாம்பும் ஒரே சுவரில் ஒன்றையொன்று பார்க்காமல் தொங்கின. முள்ளம்பன்றிக்குப் பெயரில் மட்டும்தான் பன்றி என்று உம்மாவிடம் வாதாடி வாப்பா அதை உள்ளே கொண்டுவந்திருந்தார். நிஜமான காட்டுப்பன்றியை உம்மா படி தாண்ட விடவில்லை. அது கடையின் பின்பக்கம் நெல் மூட்டைகளுக்குக் காவல் நின்றது. வாசலுக்கு நேரே, உள்ளே வருகிற யாரையும் முதலில் நிமிர்ந்து பார்ப்பது மரை என்கிற பெரிய மான். வாய்க்காலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஏதோ சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கிய நொடி. தாடையிலிருந்து ஒரு சொட்டு விழப்போகிறது, விழவில்லை. நாற்பது வயதைத் தாண்டிய பிறகும் நான் அந்தச் சொட்டுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பலாபத்வலவில் பெரிய ரோட்டோரம் கடை, கடைக்குப் பின்னால் வீடு. வாப்பா நெல்லும் செத்தல் மிளகாயும் வாங்க லொறியில் வில்கமுவ போவார். திரும்பும்போது சில தடவை மூட்டைகளுக்கு மேலே, சாக்கில் சுற்றி, ஒரு மிருகமும் வரும். கலண்டரில் ரோஜாப் பூவுக்குப் பக்கத்தில் நின்று சிரிக்கிற மான்குட்டியை எல்லாம் அவர் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "கண்டு கீறினதா, காணாமக் கீறினதா?" இதுதான் அவருடைய ஒரே கேள்வி. எருமையின் காலில் சேறு எந்த உயரத்தில் காய்ந்திருக்கிறது, யானையின் எந்தக் காது கிழிந்திருக்கிறது, இதெல்லாம் அவருக்கு வேண்டும். ஒருமுறை நெல் கொண்டுவந்த வில்கமுவக் கமக்காரர் ஒருவர் காட்டுப்பன்றிப் படத்துக்கு முன்னால் நின்று, சிங்களத்தில் ஒரு நல்ல கெட்ட வார்த்தை சொல்லி, "என் மரவள்ளியத் தின்னது இவன்தான்," என்றார். வாப்பாவின் முகம் அன்று முழுக்க பெருநாள் முகம்.

இவற்றைக் கீறியவரை எல்லோரும் பாஸ் என்று கூப்பிட்டார்கள். கைத்தொழில் தெரிந்த யாரையும் அப்படித்தான் கூப்பிடுவது. இவருக்கு இருபத்திரண்டு வயது இருந்தால் அதிகம். வில்கமுவவில் டிராக்டர் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பார், கடைகளுக்குப் பெயர்ப் பலகை எழுதுவார். மிஞ்சிய எனாமலில், வயலுக்கு வந்துபோகிற மிருகங்களை ஹார்ட்போட் துண்டுகளில் கீறி வைப்பார். அவர் பேசிய தமிழ் எல்லாம் எங்கள் கடையில் பொறுக்கியது. வாப்பா அவருக்கு முதலாளி. நான் நங்கி, தங்கச்சி.

"காடு முழுக்க உள்ளுக்கு வந்திட்டுது, இனி நான்தான் காட்டுல போய்க் குடியிருக்கணும்," என்று உம்மா சொல்வார். ஆனாலும் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. தொழுகிற அறைக்குள் ஒரு வால்கூட எட்டிப் பார்க்கக் கூடாது. வாப்பா அதை மீறியதில்லை.

எனக்கு எட்டு வயதானபோது உம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்தார். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் உயிரில்லாமல் பிறந்திருந்தன. இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. ஆனால் நான் ஓதப் போகிற இடத்தில் என்னைவிடப் பெரிய பெண் ஒருத்திக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"உருவப் படம் தொங்கிற வீட்டுக்குள்ள மலக்குமார் வரமாட்டாங்க. அதுதான் ஒங்கட வீட்டுல புள்ள தங்குதில்ல," என்றாள். மலக்குமார் என்றால் வானவர்கள்.

அழுகிற அளவுக்கு எனக்கு நேரம் கொடுக்காமல் அவளே மருந்தும் சொன்னாள். தன் சித்திரக் கொப்பியைத் திறந்து காட்டினாள். வாத்து, முயல், பசு என எல்லாவற்றின் கழுத்திலும் குறுக்காக ஒரு கோடு. "இப்பிடிப் போட்டா அதுக்கு உசிர் இல்ல. பொறகு பயமில்ல."

உம்மாவை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். நான் பின்வழியாக வீட்டுக்கு வந்தேன். கடையில் மூட்டைகளுக்கு அடையாளம் போடுகிற கறுப்பு மையும் தூரிகையும் இருந்தன. ஸ்டூலை இழுத்து இழுத்து ஒவ்வொரு சுவருக்கும் போனேன்.

மயில் சுலபம். சிறுத்தையும் எருமையும் உடும்பும் பரவாயில்லை. யானைக்குக் கழுத்து எங்கே தொடங்குகிறது என்று நெடுநேரம் யோசித்துக் காதுக்குப் பின்னால் போட்டேன். முள்ளம்பன்றிக்குக் குத்துமதிப்பாக. மலைப்பாம்பு பெரிய சிக்கல், அதற்கு எல்லாமே கழுத்து. பாதுகாப்புக்கு இரண்டு கோடு. கடைக்குப் போய்ப் பன்றியையும் முடித்தேன். கடைசியாக மரை. அது என்னையே பார்த்தது. கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

தங்கச்சி உயிரோடு பிறந்தாள். ஆஸ்பத்திரியே எழும்பி வருகிற மாதிரிக் கத்தினாளாம். அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிக்கொண்டே வாசலில் செருப்பைக் கழற்றிய வாப்பா, மரையைப் பார்த்து நின்றார். பிறகு ஒவ்வொரு சுவராகப் போனார். நான் கதவுக்குப் பின்னால்.

"என்னத்துக்கு மகள் இப்பிடி செஞ்ச?"

சொன்னேன். மலக்குமாரைச் சொன்னேன், உயிரில்லாத இரண்டு பிள்ளைகளைச் சொன்னேன். வாப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். அடிக்கவில்லை. "உம்மாட்ட அந்த ரெண்டு புள்ளைகள்ட கதைய எடுக்காத," என்றார். பிறகு, "மூட்டை மை லேசில போகாதே," என்றார். எனக்கு அதில் பெருமைதான். லேசில் போகாத மையால் நான் ஒரு தங்கச்சியைக் கொண்டுவந்திருக்கிறேன்.

நாற்பது நாள் கழிந்து பாஸ் வந்தார். வில்கமுவ பஸ் ஓடினால் உண்டு, ஓடாவிட்டால் இல்லை என்றிருந்த காலம். கடைகளை மூடச் சொல்லி, அரசாங்கத்தோடு மோதிய சிங்கள இளைஞர்களிடமிருந்து துண்டுக் காகிதம் வரும். வாப்பா வாசிப்பார், மூடுவார். மதில்களில் இரவோடு இரவாகச் சிவப்பு எழுத்துகள் முளைத்திருக்கும். சில காலைகளில் மாத்தளைக்குப் போகும்போது லொறிக்குள் என் கண்ணை வாப்பாவின் கை மூடும். எரிந்த டயர் மணம் மட்டும் வரும். அப்போது நான் என்ன எரிகிறது என்று கேட்டதில்லை, டயர் என்றுதான் தெரியுமே.

பாஸ் வழக்கமாக வரும்போதே மரைக்கு ஒரு சலூட் அடித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். அன்று கை பாதியில் நின்றது. எட்டுப் படத்தையும் சுற்றிப் பார்த்தார். அவருடைய கை அவருடைய கழுத்துக்குப் போயிருந்தது. உம்மா கொடுத்த தண்ணீரை நின்றபடியே குடித்து முடித்தார்.

"யாரு முதலாளி, இந்த வேல?"

"வேற யாரு, இவதான்," என்று வாப்பா என்னைக் காட்டியதும் அவருக்கு மூச்சு வந்த மாதிரி இருந்தது. சிரித்தார். "நம்ம நங்கியா! நான் வேற என்னமோ நெனச்சிட்டேன்." அவர் என்ன நினைத்தார் என்பதை நான் கேட்கவில்லை. எனக்குத் திட்டு விழவில்லை, அதுவே போதும்.

அன்றே வேலையைத் தொடங்கினார். மேலே எதைப் பூசினாலும் மை கசிந்துவரும், அதனால் மறைக்காமல் மாற்றினார். எருமையின் கழுத்தில் சேறு ஏறியது. யானைக்குக் காதின் நிழல். சிறுத்தைக்கு ஒரு வரிசைப் புள்ளி கூடியது. மலைப்பாம்புக்கு இரண்டு பட்டை. வாப்பா பக்கத்தில் நின்று, "சேறு அவ்வளவு மேல வருமா பாஸ்?" என்று கேட்க, "இது ஆழமான குளம் முதலாளி," என்று இவர் சொல்ல, படத்துக்குள் இல்லாத குளம் ஆழமாகிக்கொண்டே போனது.

மரைக்கு மண்ணிறம் கலக்க மட்டும் ஒரு மணிநேரம் எடுத்தார். தூரிகையைத் தூக்கியபோது நான் ஓடிப்போய் ஸ்டூலுக்கு முன்னால் நின்றேன்.

"இத அழிக்கப் படாது."

"ஏன் நங்கி?"

"எல்லாத்தையும் அழிச்சா மலக்கு பெய்த்திரும். பாப்பா மவுத்தாகிரும்."

உள்ளே தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். பாஸ் அந்தத் திசையைப் பார்த்தார். "அப்ப, உசிர் போனாத்தான் அவங்க வருவாங்களா?"

"மனிசர்ட உசிர் இல்ல. படத்துட உசிர்."

"அப்பாடா," என்று கழுத்தைத் தடவிக்கொண்டார். வாப்பா சிரித்தார், ஆனால் உடனே நிறுத்திவிட்டார்.

"இவட பேச்சைக் கேட்காதீங்க பாஸ். இது என்ட மரை, எனக்கு முழுசா வேணும்," என்றார் வாப்பா.

பாஸ் குந்தி உட்கார்ந்து என் உயரத்துக்கு வந்தார். "சரி. ஒரு கோடு இருக்கட்டும், ஒங்க மலக்குக்கு. பாப்பா நடக்கத் தொடங்கினதும் நான் வாறேன். அன்னிக்கி அழிப்பேன். அப்ப அழப்படாது."

அந்த மண்ணிறத்தை ஒரு சின்ன டின்னில் ஊற்றி, மூடியைச் சுற்றி மெழுகு வைத்து, அலுமாரிக்கு மேலே ஏற்றினார். "இந்தக் கலர் இன்னொரு தடவ வராது முதலாளி. கீழ எறக்கிராதீங்க."

தங்கச்சி தவழத் தொடங்கியிருந்தாள். பன்றியைத் திட்டிய அதே கமக்காரர் நெல் கொண்டுவந்தார். இந்தத் தடவை பன்றியின் பக்கம் திரும்பவே இல்லை. கடை ஓரத்தில் வாப்பாவின் காதுக்குள் சொன்னதில் பாதி எனக்கும் விழுந்தது. பாஸைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். மதிலில் இருந்த சிவப்பு எழுத்தைக் காட்டி, ஊரில் இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவன் வேறு யார் என்று கேட்டார்களாம்.

"யாரு கூட்டிட்டுப் போனது?" என்று வாப்பா கேட்டார். கமக்காரர் ரோட்டைப் பார்த்தார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாஸின் எழுத்து அழகு என்று நான் எப்போதோ சொன்னதுதான். எங்கள் பாஸுக்குப் பெரிய இடத்தில் பலகை எழுதும் வேலை கிடைத்துவிட்டது என்று ஓதப் போன இடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அந்தப் பெரிய பெண் மட்டும் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் வாப்பா லொறியை எடுத்துக்கொண்டு போய் வெறும் லொறியோடு வந்தார், பல நாட்கள். ஒருநாள் முன்சீட்டில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு சிங்கள அம்மா இருந்தார். பாஸின் அம்மா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்றார். தொடவில்லை. மரையிடம் வந்ததும் எட்டி, சேலை முந்தியால் அந்தக் கோட்டை இரண்டு மூன்று தரம் துடைத்தார், ஏதோ அழுக்கு பட்டிருக்கிற மாதிரி. அது போகவில்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது, உள்ளே ஓடிவிட்டேன். எந்தப் படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம் வாப்பா. இங்கேயே இருக்கட்டும், வந்தால் அவனுக்கு இந்த வீடு தெரியும் என்றாராம் அந்த அம்மா.

தங்கச்சி ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வாப்பா சாப்பிட உட்கார்ந்தபோது நடந்தாள். அலுமாரியை விட்டாள், எதையும் பிடிக்கவில்லை, நான்கு எட்டு வைத்து மரைக்குக் கீழே போய்ச் சுவரில் கைவைத்து நின்றாள். உம்மா கைதட்டினார், நானும் தட்டினேன். வாப்பா தட்டவில்லை. பிசைந்த சோற்றை விட்டு எழும்பி, இடது கையால் அலுமாரிக்கு மேலிருந்த டின்னை எடுத்துக் காதருகே ஆட்டினார். சத்தமே வரவில்லை. வாசலைப் பார்த்தபடி கொஞ்சம் நின்றார். பிறகு டின்னை அதே இடத்தில் வைத்தார்.

மாத்தளையில் பெயின்ட் அடிக்கிறவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். "வேற பாஸ் ஒருத்தரைக் கூப்பிடுங்க வாப்பா. அவதான் நடந்திட்டாளே, இப்ப கோட்டை அழிச்சா எனக்குப் பயமில்ல," என்று நான் பெரிய மனதோடு அனுமதி கொடுத்தேன்.

வாப்பா சோற்றைத் தள்ளிவிட்டுக் கை கழுவப் போனார். ஒரு வருடமாகியும் இந்த மனிதருக்கு என்மேல் கோபம் போகவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.