அண்ணை வோட்டுப் போடும் கட்சி

அண்ணை ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்து நான்காம் நாள். மானிப்பாயில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. நான் மீன் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தபோது, அங்கே தேர்தலில் தான் யாருக்கு வோட்டுப் போட்டது என்பதைப் பெருமையாகச் சொன்னார். அகதிகளைத் திருப்பி அனுப்பச் சொல்லும் கட்சிக்காம்.

நான் அகப்பையைச் சட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன். அதற்குக் காரணம் அரசியல் இல்லை. என் மகன், களவாக ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி அந்த நாட்டுக்கே புறப்பட்டு ஒரு மாதம். கடைசியாக ஏதோ ஓர் எல்லைக் காட்டுக்குள்ளிருந்து பேசினான். ஐந்து நாளாகச் சத்தமில்லை. போய்ச் சேர்ந்தால் அண்ணைதான் அவனைப் பொறுப்பெடுக்க வேண்டும். அவரிடம் எப்படிச் சொல்வது என்று வந்த நாள் முதலாய் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன்.

"நீங்களும் அகதியாத்தானே அண்ணை போனனீங்கள்?"

எனக்கு வாய் சும்மா இருக்காது.

"ஓம். பன்னிரண்டு வருசம் ரெஸ்ரோரண்டிலை கோப்பை கழுவினனான். பாஷை படிச்சனான். அப்ப ரயிலிலை ஆரும் என்னைத் திரும்பிப் பார்க்கேல்லை. இந்தப் புது அகதியள் வந்து குவிஞ்ச பிறகு என்னையும் உவங்களோடை சேர்த்துத்தான் பார்க்கிறாங்கள். போன மாசம் பக்கத்திலை இருந்த கிழவி, நான் சீற்றிலை இருந்த உடனை தன்ரை பையைத் தூக்கி மடியிலை வைச்சவ."

சொல்லும்போது தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவர் கோபக்காரர் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். பாவம், பயந்துபோயிருக்கிறார். குளிக்கக் கிணற்றடிக்குப் போனாலும் பாஸ்போட்டைக் கையோடு கொண்டுபோகிற மனிதர்.

"அந்தக் கட்சிக்காரர் ஆட்சிக்கு வந்தா உங்களை மட்டும் வைச்சிருப்பாங்களோ?"

"நான் அந்த நாட்டுப் பிரசை. என்னை ஏன் துரத்துவாங்கள்?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. "அண்ணை, உங்கடை மருமோன் வெளிக்கிட்டிட்டான். காட்டுக்கை நிக்கிறான். ஐஞ்சு நாளாக் கதைக்கேல்லை."

அண்ணை பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். "எனக்கு ஏன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்று கத்தினார். கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து, எல்லைப் பக்கம் இருக்கும் சிநேகிதர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ஒரு மணித்தியாலம் முற்றத்தில் நடந்தபடியே கதைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஆள் இருக்கிற இடம் தெரிஞ்சா நான் உடனை திரும்பிப் போய்க் காரிலை ஏத்துறன். என்ரை வீட்டிலைதான் இருப்பான். அழாதை."

நான் அழுதுகொண்டேதான் கேட்டேன். "அப்ப இனி ஆருக்கு வோட்டுப் போடுவியள்?"

"அவங்களுக்குத்தான். எங்கடை பிள்ளை வந்து சேரட்டும். பிறகு கதவைப் பூட்டட்டும்."

அதே காட்டில் என் மகனுக்குப் பின்னால் நடந்து வருகிற பிள்ளைகளை நினைத்தேன். அவர்களுக்கும் என்னைப்போல் ஒருத்தி எங்கோ சோறு இறங்காமல் இருப்பாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் "ஓம் அண்ணை" என்றுதான் சொன்னேன்.