கிரிவலம் என்று சொல்லிவிட்டு

ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் “கிரிவலம் போயிட்டு வரேம்மா” என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். மலையைச் சுற்றப் போகிறவளை ஏன், எங்கே, யாரோடு என்று திருவண்ணாமலையில் யாரும் கேட்பதில்லை. வேறு எந்தக் காரணத்துக்காகவும் கல்யாணமாகாத ஒரு பெண் எட்டு மைல் நடந்துவிட முடியாது. அதனால் என் பொய்க்கு சாமியையே துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். அந்த வயதில் அது பாவம் என்றே தோன்றவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் ஊரில் ஒரு நடுநிலைப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். அதே பள்ளியில் தையல் டீச்சராக இருந்தவள்தான் என் கூட்டாளி. கோயில் பக்கம் தகரப்பெட்டி செய்து விற்கிற முஸ்லிம் குடும்பத்துப் பெண். அப்பா இல்லை, அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவளுக்குக் கிரிவலம் என்று சொல்ல வழியில்லையே! “இங்கிலீஷ் டீச்சர் வீட்ல உக்காந்து பாடக்குறிப்பு எழுதணும்” என்று சொல்லிவிட்டு, கக்கத்தில் நோட்டோடு வருவாள். நான் சொன்ன பொய்க்கு ஊரே சாட்சி சொல்லும். அவள் சொன்ன பொய்க்கு நான் ஒருத்திதான் சாட்சி. இது அப்போதே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

செங்கம் ரோட்டில், வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற பகுதி வரைக்கும் நல்ல பிள்ளைகளாக நடப்போம். அதைத் தாண்டியதும் ரோட்டை விட்டு இறங்கி, ஆடுமாடு போகிற தடத்தில் காட்டுக்குள் நுழைந்துவிடுவோம். காடு என்றால் பெரிய மரம் எல்லாம் கிடையாது. மலை அப்போது மொட்டையாகத்தான் நின்றது. அடிவாரத்தில் இடுப்புயரப் புதர், கள்ளி, காரைமுள், இடையிடையே மழைத்தண்ணீர் அரித்த ஓடை. அதுவே எங்களுக்குப் போதும். ஓடையைக் கடந்து சமுத்திரம் ஏரிக்கரையில் ஏறி, கரையோடு கடைசி வரை நடந்து, திரும்பி மலைப்பக்கம் வந்து ஒரு பாறை ஏறுவோம். அதன் விளிம்பில் உட்கார்ந்தால் கீழே நேர்ச்சரிவு, தூரத்தில் ஏரி, ரோட்டில் எறும்பு மாதிரி மாட்டுவண்டி. ரோட்டிலிருந்து பார்த்தால் நாங்களும் அப்படித்தான் தெரிவோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கிரிவலம் போகிறவள் செருப்புப் போடக் கூடாது. வீட்டில் சந்தேகம் வருமே என்று நானும் வெறுங்காலோடுதான் முள்ளுக்காட்டில் நடந்தேன். அவள் சொகுசாகத் தோல்செருப்பு போட்டுக்கொண்டு வருவாள். வாரத்துக்கு ஒரு முள்ளாவது என் காலில் ஏறும். பாறைமேல் உட்கார்ந்து என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, தையல் ஊசியால் எடுப்பாள்.

“கம்மியா கத்துங்க டீச்சர். கீழ போறவங்க புலி வந்திருக்குனு ஓடிடப் போறாங்க.”

“உங்களுக்கு இன்னா, செருப்புப் போட்டுக்கினு மகாராணியாட்டம் வரீங்க!”

அவள் சிரித்தால் சத்தம் எதிர்ப்பாறை வரை போகும். பள்ளியில் அவள் பல் தெரியச் சிரித்து யாருமே பார்த்ததில்லை. முக்காடு தோளில் கிடக்க, அங்கே மட்டும்தான் அப்படிச் சிரிப்பாள். “வாரம் பூரா இதுக்காகத்தான் டீச்சர் தெச்சிக்கினு இருக்கேன்” என்று ஒருமுறை சொன்னாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆனால் நான் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. அடுத்து வந்த தை மாசம் எனக்கு நிச்சயம் ஆனது. மாப்பிள்ளை ஆரணியில் சர்க்கார் உத்தியோகம். நிச்சயம் ஆன மூன்றாவது ஞாயிறு, பாறைக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரப் பையன் எதிரே வந்தான். தோளில் ஜோல்னாப் பை, முழங்காலில் சிராய்ப்பு. மலை உச்சிக்கு இந்த வழி போகுமா என்று கேட்டான். போகாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே! பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே தேய்ந்துபோன என் இங்கிலீஷை ஒரு நிஜ வெள்ளைக்காரனிடம் பேசிப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. எந்த ஊர், எத்தனை நாள் இருப்பாய், இட்லி பிடித்ததா என்று கேட்டுக்கொண்டே போனேன். என் தோழி இருபதடி தள்ளி, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றாள். “வாங்க டீச்சர், போலாம்” என்று மூன்று தடவையாவது கூப்பிட்டிருப்பாள். எனக்குக் காதில் விழுந்தது.

ரோட்டில் நிஜமாகவே கிரிவலம் வந்துகொண்டிருந்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. காட்டுக்குள் இரண்டு பெண்களும் ஒரு வெள்ளைக்காரனும் நிற்பதைப் பார்த்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்றைக்கே என் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்திருந்தவர் அவர். மறுநாள் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

அவர் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அப்பா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கேட்டார். அப்பாவின் குரல் உயரவே இல்லை. திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டு உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ!

“யார்ம்மா அந்த ஆள்கிட்ட பேசினது?”

“நான் இல்லப்பா. தையல் டீச்சர்தான். நான் கிரிவலம் போயிட்டு இருந்தேன். வழியில நிக்கிறாங்களேனு கூப்பிடப் போனேன்.”

யோசித்துச் சொன்னதில்லை. கொதிக்கிற பாத்திரத்தைத் தொட்டதும் கை விலகுமே, அப்படி வந்துவிட்டது. ஆனால் எவ்வளவு வக்கணையாக வந்தது பாருங்கள், கிரிவலம்கூட விட்டுப்போகாமல்! அப்பா முகத்தில் உயிர் வந்தது. கூடத்துக்குப் போய் அப்படியே சொன்னார். “அதானே பார்த்தேன்” என்றார் பெரியப்பா. அம்மா அவருக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

இரண்டே நாளில் அந்தப் பேச்சு தகரப்பெட்டிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. மூன்றாம் நாள் தையல் டீச்சர் பள்ளிக்கு வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. உடம்பு சரியில்லையாம் என்றார்கள். எனக்குத் தெரியாதா? கடை இருந்த தெருவை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். கல்யாணம் முடியட்டும், போய்ப் பேசிவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மாசக் கடைசியில் அவள் ராஜினாமா கடிதத்தை அண்ணன் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அவள் வகுப்புகளை எங்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். ஆறாம் வகுப்புப் பெண்களுக்கு ஓட்டுத்தையல் சொல்லித்தரும் வேலை எனக்கு வந்தது. கோணல்மாணலாகச் சொல்லிக்கொடுத்தேன். சித்திரையில் எனக்குக் கல்யாணம் நடந்தது.

அப்புறம் அவளைப் பார்த்தது எண்பதுகளின் கடைசியில். செங்கத்திலிருந்து ஊருக்கு வரும் பஸ்ஸில் ஏறினேன். பெண்கள் சீட்டில் ஒரே ஒரு இடம், அவள் பக்கத்தில். எழுந்து ஓடவா முடியும்? அவள்தான் முதலில் பேசினாள்.

“இன்னா டீச்சர், நல்லாக்கிறீங்களா? முடியெல்லாம் நரைச்சிடுச்சே!”

கண்டக்டர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் கொட்டிவிட்டேன். அன்றைக்கு நான்தான் பேசினேன், நான்தான் உன்மேல் பழி போட்டேன், என்னை மன்னிச்சிடு என்று பஸ் இரைச்சலுக்கு மேலே கத்தாத குறையாகச் சொன்னேன். மரியாதையெல்லாம் போய் நீ, வா, போ என்று வந்துவிட்டது. அழுகையும் வந்துவிட்டது. முன்சீட்டு அம்மாள் திரும்பிப் பார்த்தாள்.

“எனக்குத்தான் அன்னிக்கே தெரியுமே டீச்சர். அண்ணன் கேட்டாரு, நீதான் பேசினியானு. ஆமான்னுட்டேன்.”

“ஏன்? ஏன் அப்படிச் சொன்ன?”

“நான் இல்லன்னா அப்புறம் யாரு? நீங்கதானே. உங்களுக்கு நிச்சயம் ஆயிருந்துச்சே.” சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஒரே ஒரு தடவ வீட்டுக்கு வந்து, இவ நல்ல பொண்ணுனு அண்ணன்கிட்ட நீங்க சொல்லுவீங்கனு பார்த்தேன். வேற ஒண்ணும் வேணாம், அது போதும். வேலைக்கு விட்டிருப்பாரு. அந்த மாசம் பூரா வாசல்ல சைக்கிள் சத்தம் கேட்டாக்கூட எட்டிப் பார்ப்பேன்.”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். பஸ் மலைக்குத் தெற்கே வந்துகொண்டிருந்தது. அடிவாரத்தில் வேலி போட்டுக் கன்று நட்டிருந்தார்கள். அவள் அதையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நான்தான் வீட்லயே கெடந்துட்டேன். நீங்க போறீங்களா டீச்சர், அந்தப் பாறைக்கு?”

பொய் வாய் வரைக்கும் வந்தது. இந்தத் தடவை அடக்கிக்கொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாள்கூடப் போகவில்லை. மாமியார், பிள்ளைகள், வேலை. வருஷத்துக்கு ஒரு பௌர்ணமி, வீட்டுக்காரர் பின்னாலேயே, தார்ரோட்டில் ஒரு சுற்று.

“இல்ல. அப்புறம் போகவே இல்ல.”

அதுவரை கோபமே இல்லாமல் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அப்போதுதான் முகம் சிவந்தது.

“போகவே இல்லியா? யா அல்லா! நீங்களாவது போறீங்கனு இல்ல நான் நெனச்சிக்கினு இருந்தேன்.”