மெழுகுக்குள் அம்மா

அம்மாவின் இடது மார்பிலிருந்து எடுத்த ஒரு துண்டு, இரண்டு நாள் எங்கள் வீட்டுத் தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருந்தது. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள், அப்புறம் எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குவார்கள்.

எனக்கு அப்போது பதினோரு வயது. பெருநகர் என்ற ஊரைத் தாண்டி, செய்யாற்றை ஒட்டி எங்கள் காலனி. அம்மாவும் நைனாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். குளிக்கும்போது கையில் தட்டுப்பட்ட கட்டியை, அறுப்பு முடியட்டும் என்று மூன்று மாதம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தாள் அம்மா. எங்கள் வீட்டில் யாருக்கு என்ன நோய் வந்தாலும் அறுப்பு முடிந்த பிறகுதான் வரவேண்டும். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை விட்டபோது பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய மார்பை எடுத்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, தையலைக் காட்டப் போன இருவரும் திரும்பி வந்தார்கள். நைனா சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு வெள்ளை மெழுகுக் கட்டி. அதன் நடுவில் பழுப்பாக, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏதோ இருந்தது.

"உங்கம்மாதான்" என்றார் நைனா. விளையாட்டாகச் சொல்ல நினைத்திருப்பார். குரல் அப்படி வரவில்லை.

எடுத்த சதையில் கொஞ்சத்தை மெழுகில் பதித்துக் கொடுத்திருந்தார்கள். அதில் ஹார்மோன் பரிசோதனை செய்யவேண்டும். அது எங்கள் பக்கத்தில் கிடையாது, மெட்ராஸ் லேப்புக்கு நாமே கொண்டு போகவேண்டும். பெண்களுக்கு உடம்பில் சுரக்கும் ஹார்மோனைக் குடித்துத்தான் அந்தக் கட்டி வளர்ந்ததா என்று பார்ப்பார்களாம். ஆமாம் என்றால், மிச்சம் மீதி எங்காவது ஒளிந்திருந்தாலும் தலைதூக்காமல் இருக்க மாத்திரை இருக்கிறது. இல்லை என்றால் அந்த மாத்திரையால் பயனில்லை. நைனா இதை அம்மாவுக்கு மூன்று முறை சொன்னார். மூன்று முறையும் அவள் தலையாட்டினாள்.

லேப் திங்கட்கிழமைதான் திறக்கும். அதுவரை வெயில் படாமல் வைக்கச் சொல்லியிருந்தார்கள், மெழுகு இளகிவிடுமாம். எங்களுடையதோ ஷீட் போட்ட வீடு, மே மாதம் வேறு. ஃபிரிட்ஜ் எல்லாம் கிடையாது. இருந்ததில் குளுமையான இடம் பானைக்கு அடியிலிருந்த ஈரமணல்தான். நைனா உறையை அதில் புதைத்துப் பானையை மேலே வைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பானையில் அவர் மட்டும்தான் தண்ணீர் குடித்தார். நானும் அம்மாவும் தெருக்குழாய்க்குப் போனோம்.

அன்று உச்சிவேளை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. பாயில் படுத்திருந்த அம்மா திடீரென்று சொன்னாள்.

"இன்னாமோ தெரில பாப்பா, எட்த்த எடத்துல சில்லுனு கீது."

அந்த இடத்தில் எதுவுமே இல்லை. கட்டுக்குக் கீழே பலகை போலத் தட்டையாக இருந்தது. நான் மெல்லத் திரும்பிப் பானையைப் பார்த்தேன். அடியில் மணல் ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நான் பயப்படுகிற பிள்ளைதான், ஆனால் பயந்ததைத் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து, நைனா வெளியே போனதும், உறையை மணலிலிருந்து எடுத்தேன். வெயில் விழும் வாசற்படியில் வைத்து நூறு எண்ண ஆரம்பித்தேன். எழுபதைத் தாண்டவில்லை.

"ஸ்ஸ், எரியுதே" என்று உள்ளே அம்மா முனகினாள்.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நான் செய்தது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. அதோடு விட்டிருக்கலாம். உறையைப் பிரித்து, மெழுகின் ஓரத்தில் கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன்.

"ஐயோ" என்றாள் அம்மா. "யாரோ கிள்றாப்ல கீது."

மெழுகில் பிறை போல என் நகக்குறி பதிந்திருந்தது. உறையை எப்படி மூடினேன், எப்படி மணலில் புதைத்தேன் என்று நினைவில்லை. அம்மா அந்த மெழுகுக்குள் இருக்கிறாள் என்று மட்டும் எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நைனா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மெசின்ல வெச்சி வெங்காயத் தோலாட்டம் சீவுவாங்களாம். அப்பறம் மருந்து ஊத்திப் பாப்பாங்களாம்."

சீவுவார்கள். நகம் பட்டதற்கே ஐயோ என்றவளை மெஷினில் வைத்துச் சீவுவார்கள். என்னால் தாங்க முடியவில்லை.

மெழுகை மறைக்க மெழுகைவிட நல்ல இடம் எது? எங்கள் கோயிலில் மாதா சிலை நிற்கும் கல்குகையான கெபியின் கீழே ஒரு மரப்பெட்டி உண்டு. நோய் தீர நேர்ந்துகொண்டவர்கள் மெழுகில் செய்த உறுப்புகளை வாங்கி அதில் போடுவார்கள். கை, கால், ஒரு ஜோடிக் கண், தொட்டில் குழந்தை எல்லாம் கிடக்கும். மார்பு மட்டும் இருக்காது. திருவிழாக் கடையில் அதை விற்கவும் மாட்டார்கள், கேட்க யாருக்கும் வாயும் வராது. இருட்டியதும் நான் உறையோடு அங்கே ஓடி, கைகளையும் கால்களையும் விலக்கி, பெட்டியின் அடிவரை தோண்டி அம்மாவை வைத்தேன். யாரும் சீவாமல் பார்த்துக்கொள் என்று மாதாவிடம் சொல்லிவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாகப் பெரிய மனுஷி போல வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிய நைனா பானையை நகர்த்தினார். மணலைக் கிளறினார். பிறகு இரண்டு கையாலும் தோண்டினார். பானை சாய்ந்து தண்ணீர் வீடெல்லாம் ஓடியது. எலி இழுத்ததோ பூனை தூக்கியதோ என்று மூலை மூலையாகத் தேடியவர், கடைசியில் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தக் கொஞ்சூண்டுதான்மே கையில குட்த்தாங்க" என்று அம்மாவைப் பார்த்து அழுதார். நைனா அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அம்மா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வெச்ச பாப்பா?"

"சீவுனா உனக்கு வலிக்கும்மா" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

கோயிலுக்கு நைனா ஓடினார், பின்னால் நான். கெபிக்குப் பின்புறம், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் அடுப்பு மூட்டியிருந்தார். பெட்டியில் சேரும் மெழுகைத் திங்கட்கிழமைகளில் உருக்கி மெழுகுவர்த்தி ஊற்றுவது அவர் வழக்கம். அது எனக்கும் தெரியும், ஆனால் நினைக்கவில்லை. சட்டிக்குள் ஒரு கை மூழ்கிக்கொண்டிருந்தது. விரல்கள் மட்டும் வெளியே நின்று, ஒவ்வொன்றாக மடங்கி உள்ளே போயின. உபதேசியார் பெட்டியைக் கவிழ்த்து மிச்சத்தை அடுப்போரம் தரையில் கொட்டினார். கடைசியாக விழுந்தது அந்த உறை.

"இது இன்னாபா, யார் நேந்துகினது?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நைனா அதைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அன்று முழுக்க நான் அம்மாவின் பக்கத்திலிருந்து நகரவில்லை. வலிக்கிறதா, வலிக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மத்தியானம் ஒருமுறை அவள் முந்தானையைக் கடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் நின்றது. ஒன்றுமில்லை, சிரிப்பு வருகிறது என்றாள். அறுந்த நரம்புகள், இல்லாத உறுப்பை இருப்பதாக நினைத்து அப்படித்தான் சில்லிடும், எரியும் என்று பல வருடம் கழித்து ஒரு டாக்டரம்மா எனக்கு விளக்கினார். நானும் ஒப்புக்கொண்டேன். நகக்குறியைப் பற்றி மட்டும் அவரிடம் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. ஆமாம் என்று வந்திருந்தது. நைனா உத்திரமேரூரிலிருந்து லட்டு வாங்கி வந்தார்.

"ஹார்மோன்தான் அதுக்குத் தீனியாம். வயசாயி ரத்தத்துல வத்திப் போனாக்கூட, நம்ம ஆத்துல தோண்டுனா ஊத்து வர்றாப்ல மார்ல அது பாட்டுக்கு ஊறிகினே இருக்குமாம். தீனிய நிறுத்திட்டா ஆட்டம் குளோஸ்" என்றார்.

அம்மா தினமும் ஒரு மாத்திரை போட்டாள். இரண்டு மூன்று மாதத்தில் அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோனது. முப்பத்து நாலு வயது.

அந்தத் தை மாதம் நான் வயதுக்கு வந்தேன். பெரியம்மா ஊரிலிருந்து உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டையோடு வந்து இறங்கினாள். பதினோரு நாள் களி கிண்டிக் கொடுத்தால்தான் இடுப்பு பலப்படும், உடம்பு பூரிக்கும் என்றாள். எனக்கு வாயெல்லாம் எச்சில். முதல் உருண்டையை எண்ணெயில் புரட்டி அவள் என் வாயருகே கொண்டு வந்தபோது, அம்மா பாய்ந்து தட்டிவிட்டாள். சட்டியோடு தூக்கிக் களியைத் தெருவில் கொட்டினாள்.

"அதுக்குத் தீனி போடாதக்கா" என்று கத்தினாள். "உன் கால்ல வியறேன், அதுக்குத் தீனி போடாத."

தனக்கு நின்றுபோனது மகளுக்கு வந்ததைப் பொறுக்கவில்லை என்று பெரியம்மா என் காதில் சொன்னாள். நானும் அதையே நம்பினேன். லட்டு வாங்கி வந்த அன்று நைனா சொன்னது எனக்கு நினைவுக்கு வரவில்லை. அம்மா 'அது' என்றது என்னைத்தான் என்று நினைத்து, அந்தப் பதினோரு நாளும் அவளோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.