அல்லியின் பெயரில் ஒரு பங்கு

சவியே என்று எனக்கொரு கூட்டாளி. அவன்மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால் கொஞ்சம் காரமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் ஊரான தலத்தெருவில் இருந்துகொண்டே சென்னைப் பத்திரிகை ஒன்றுக்குக் கம்பெனிச் செய்திகள் எழுதினான். ஆண்டறிக்கையைக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்துக் குறிப்பிலிருந்துதான் படிக்கத் தொடங்குவான். முதல் பக்கம் கல்யாணத் தரகர் சொல்வது, கடைசிப் பக்கம் கல்யாணத்துக்கப்புறம் தெரிவது என்பான். பேச்சுக்கு மட்டும் குறைச்சலில்லை.

அந்த அறிக்கை அப்போது பங்குதாரர் வீட்டுக்குத்தான் தபாலில் வரும். ஒரு பங்கு இருந்தால் போதும். ஆனால் சவியே குடும்பம், எங்கள் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர் போன பிறகும் பிரெஞ்சுக் குடியுரிமையை விடாத குடும்பம். ரிசர்வ் வங்கி அனுமதியில்லாமல் அவனால் பங்கு வாங்க முடியாது. பக்கத்து வீட்டு அல்லி, கோட்டுச்சேரிப் பள்ளிக்கூட டீச்சர், தன் சம்பளத்தில் ஒரு நூற்பாலையின் பங்கை வாங்கினாள். அறிக்கை வந்ததும் உறையைக்கூடப் பிரிக்காமல் அவனிடம் எடுத்து வருவாள். இருவரும் சேர்ந்து படிப்பார்கள். ஆடி பிறந்ததுமே சவியே வாசலைப் பார்க்கத் தொடங்கிவிடுவான். தபாலுக்காம்!

எழுபத்தொன்பதில் அந்த ஆலை லாபம் காட்டியது. இயந்திரத் தேய்மானத்தைக் கழிக்காமல் காட்டிய லாபம் என்று குறிப்பில் ஒரு வரி இருந்தது. எழுதுமுன் கம்பெனியின் பதில் வேண்டும். கடிதம் போட்டால் பதிலில்லை. ஆண்டுக் கூட்டத்தில் கேட்கலாம் என்றால், பங்குதாரருக்குப் பதிலாகப் போகிறவர் உட்காரலாம், பேசக் கூடாது. சட்டம் அப்படி. ஆகவே அல்லியே சென்னைக்குப் போனாள், துணைக்கு அவள் அம்மா கமலாம்பாள். சவியே மண்டபத்து வாசலில் நின்றான். அல்லி எழுந்து கேட்டாள். தலைவர் தண்ணீர் குடித்துவிட்டு ஒப்புக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் கமலாம்பாள் தூங்கிப்போனாள்.

"ஒங்க கேள்விய அத்தன பேரு முன்னால நான் கேட்டுட்டேன்," என்றாள் அல்லி. "எங்கிட்ட கேக்க வேண்டியத நீங்க எப்ப கேப்பீங்க?"

"மொதல்ல செய்தி வரட்டும் அல்லி," என்றானாம் அந்தப் புண்ணியவான்.

செய்தி அவன் பெயரோடு வந்தது. அவளிடம் கேட்க அவன் போகவில்லை. தான் கிறிஸ்தவன், மதம் வேறு, நாடு வேறு என்று என்னிடம் காரணம் அடுக்கினான். பயந்தாங்கொள்ளி என்றேன். தை பிறந்ததும் அல்லிக்கு மாயவரத்தில் கல்யாணம் முடிந்தது.

அடுத்த வருஷத்து அறிக்கை மாயவரத்திலிருந்து வந்தது. அவள் கணவர் இளையபெருமாள் ஒரு துண்டுத்தாளில் எழுதியிருந்தார்: 'என் மனைவி பெயருக்கு வந்தது. உங்களுக்குப் பயன்படும் என்று அனுப்பச் சொன்னாள்.'

சவியே ஒரு வரிகூடப் படிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இந்தத் தடவயும் அவளே எடுத்துக்கிட்டு வருவான்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்டா," என்றான்.